ஜப்பானில் ரதிதேவி குடித்த ஒரு கிளாஸ்

பனைமரத்தின் கீழ் இருந்து பால் குடித்தாலும் கள் என்றுதான் ஊர் சொல்லும் என்பார்கள். ரதிதேவிக்கு அந்தப் பழமொழி உதவாது. அவள் பால் குடிக்கவில்லை. அரிசியில் வடித்த ஜப்பான் மதுவைத்தான் குடித்தாள். வெளிச்சம் மங்காத மாலை நேரத்தில், ஒரு பாரில், பத்துப் பேர் பார்த்திருக்க உட்கார்ந்து ஒரு கிளாஸ் குடித்தாள். அதற்கு முன்பு விசைப்படகுப் போட்டியில் நூறு யென் பந்தயமும் கட்டினாள். திரும்பி வந்து இரண்டையும் அவள் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். செர்ரிப் பூப் பார்த்தீர்களா, புல்லட் ரயிலில் ஏறினீர்களா, குளிரா என்று கேட்டார்கள். பார்த்தேன், ஏறினேன், குளிர்தான் என்று சொன்னாள். சில மாதம் கழித்து அதே ஆட்கள், இவ்வளவு நாளும் மறைத்து வைத்திருந்தாளே என்று வாயில் கை வைத்தார்கள். ஆத்திரம் வராமல் என்ன செய்யும்?

ரதிதேவிக்கு அறுபது தாண்டிவிட்டது. ஆக்லாந்தின் மேற்குப் பக்கம், நியூ லின் ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில், இரண்டு அறை யூனிட் ஒன்றில் தனியாக இருக்கிறாள். முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை. மகன் பிரிஸ்பேனில். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் முகம் காட்டுவான். பேரப்பிள்ளைகள் "ஹாய் அப்பம்மா" சொல்லிவிட்டு ஓடிவிடுவார்கள். கணவன் குணசீலன் இறந்து நாலு வருடமாகிறது.

அவளுடைய வாரம் வெள்ளிக்கிழமையில்தான் தொடங்கும், அதிலேயே முடியும். ஹென்டர்சனில், கார் திருத்தும் பட்டறைகளுக்கு நடுவே, முன்பு டயர்க் கடையாக இருந்த தகரக் கூரைக் கட்டிடம் ஒன்று முருகன் கோயிலாக இருக்கிறது. கோபுரம் கிடையாது. வாசலில் ஒரு வேலும் உள்ளே நல்ல கம்பளமும் உண்டு. பின்பக்கத்துச் சின்னச் சமையலறையை எல்லோரும் மடைப்பள்ளி என்பார்கள். அதன் சாவி, அவர்கள் பேச்சில் திறப்பு, ரதிதேவியிடம் இருந்தது. வெள்ளி மதியம் வேலை முடித்து, தலைக்குக் குளித்து, ரயிலேறிப் போய், முருகனுக்குச் சர்க்கரைப் பொங்கலும் கடலையும் செய்வாள். பூசைக்கு வந்த எல்லோருக்கும் தன் கையாலேயே கொடுப்பாள். குணசீலன் போன பிறகு வீட்டில் ஒரு வயிற்றுக்குச் சமைப்பது அவளுக்குத் தண்டனையாக இருந்தது. "ரதி அக்கா, இண்டைக்குப் பொங்கல் திறம்" என்று யாராவது சொன்னால், அதை வைத்து அடுத்த வெள்ளி வரை ஓட்டிவிடுவாள். அவளை எழுப்பி நிறுத்தியது அந்த அடுப்புத்தான். அந்தத் திறப்பைத்தான் அவளிடமிருந்து பறித்தார்கள்.

ஜப்பானுக்கு அவளை இழுத்துக்கொண்டு போனவள் கல்யாணி. மலேசியத் தமிழ்ப் பெண். சலவைப் பகுதியில் ஒன்றாக வேலை செய்தவள், இப்போது பாபகூராவில் மகளோடு இருக்கிறாள். "பூப் பாத்துட்டு வந்துரலாம்டி. கண்ண மூடுன பொறகு யாரு நம்மளக் கூட்டிட்டுப் போவா?" என்று அவள் நச்சரித்த நச்சரிப்பில் ரதிதேவி சம்மதித்தாள். குழுவாகப் போன சுற்றுலா. ஹிரோஷிமாவில் ஒரு நாளை அவரவர் விருப்பத்துக்கு விட்டிருந்தார்கள். கல்யாணிக்கு முழங்கால் வீங்கிவிட்டது. "நீ போ லா, நான் படுத்துக்கறேன்" என்று ஹோட்டலிலேயே தங்கிவிட்டாள். ரதிதேவி தனியாகக் கிளம்பினாள். கடலுக்குள் சிவப்பு வளைவு நிற்கிற கோயிலைப் பார்ப்பது என்று திட்டம்.

ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு பஸ் நின்றது. தொப்பி போட்ட கிழவர்களும் கிழவிகளும் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். கையில் தண்ணீர்ப் போத்தல், கக்கத்தில் உட்காரச் சின்ன மெத்தை. யாரும் காசு கொடுக்கவில்லை. வயதானவர்கள் மெத்தையும் கையுமாக இலவச பஸ்ஸில் ஏறினால் அந்த பஸ் எங்கே போகும்? யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருத்திக்கு இதில் சந்தேகமே வராது. கோயிலுக்குத்தான் போகும், போன இடத்தில் அன்னதானமும் இருக்கும். ரதிதேவி ஏறி, பக்தியோடு ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

பஸ் நின்ற இடத்தில் பெரிய கட்டிடம். வாசலில் நூறு யென் நாணயம் போட்டால் உள்ளே விடும் கதவு. அர்ச்சனைச் சீட்டு என்று நினைத்துப் போட்டாள். செருப்பை எங்கே கழற்றுவது என்று தேடினாள். அந்த நேரத்தில்தான் அந்தச் சத்தம் கேட்டது. ஆயிரம் தையல் இயந்திரங்களை ஒன்றாக மிதித்த மாதிரி ஓர் இரைச்சல். படிக்கட்டில் ஏறிப் பார்த்தாள். கீழே கடல் நீரை வளைத்துக் கட்டிய பெரிய தடம். அதில் ஆறு சின்ன விசைப்படகுகள், ஒவ்வொன்றிலும் முழங்காலில் குந்தியபடி ஓர் ஆள், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பறந்தன.

முதலில் அவளுக்கு முருகா என்றிருந்தது. திரும்பிப் போவோமா என்று யோசித்தாள். பக்கத்து இருக்கையில் ஊதாத் தொப்பி போட்ட ஒரு கிழவி, தன் மெத்தையை நகர்த்தி இடம் கொடுத்துவிட்டு, காகிதப் பையிலிருந்து அவித்த கடலையை நீட்டினாள். கடலையைக் கண்டதும் ரதிதேவி உட்கார்ந்துவிட்டாள்.

தொப்பிக்காரிக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு ஜப்பான் மொழி தெரியாது. இருவரும் கைபேசியில் பேசி, அது மொழிபெயர்த்துச் சொன்னதைக் கேட்டுக்கொண்டார்கள். ஒரு பெரிய மணிக்கூடு இருந்தது. அதன் முள் உச்சிக்கு வருவதற்கும் படகு கோட்டைத் தாண்டுவதற்கும் சரியாக இருக்க வேண்டும். ஒரு நொடி பிந்தினாலும் குற்றம், மயிரிழை முந்தினாலும் குற்றம். முந்தினவரைப் பிடித்து வெளியே விட்டுவிடுவார்கள், ஆள் எவ்வளவு பெரிய கெட்டிக்காரராக இருந்தாலும். அவர் மேல் கட்டிய காசைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். யாருடைய மைத்துனன், எந்தச் சபையின் தலைவர் என்று கேட்பதில்லை. ரதிதேவிக்கு அது நிரம்பப் பிடித்துப்போனது.

அடுத்த போட்டிக்கு வந்த ஆறு பேரில் இரண்டு பேர் பெண்கள் என்று தொப்பிக்காரி சொன்னாள். ரதிதேவி நம்பவில்லை. "ஆம்பிளையளோட சேர்ந்தோ? ஒரே போட்டியிலயோ?" என்று கைபேசியில் கேட்டாள். தொப்பிக்காரி கேள்வியைக் கேட்டுவிட்டு ஒரு கணம் யோசித்தாள். பிறகு அவளுடைய கைபேசி சொன்னது: "படகுக்குத் தெரியாது."

ரதிதேவி வாய்விட்டுச் சிரித்தாள். ஹென்டர்சன் முருகனுக்கு நிர்வாக சபை அமைத்த நாளிலிருந்து அதில் ஒரு பெண்ணும் இருந்ததில்லை. பெண்கள் காய்கறி வெட்டலாம், கம்பளம் கூட்டலாம், கோலம் போடலாம். அதை நினைக்க நினைக்கச் சிரிப்பு நின்று கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே, பச்சை நிறப் படகில் வந்த பெண்ணின் மேல் நூறு யென் கட்டினாள். அட்டையில் பென்சிலால் எங்கே கறுப்பாக்குவது என்று தொப்பிக்காரி காட்டிக் கொடுத்தாள். படகுகள் திருப்பத்தில் ஒன்றையொன்று இடிக்கிற மாதிரி சாய்ந்தபோது ரதிதேவி எழுந்து நின்றாள். "விடாதை பிள்ளை! விடாதை!" என்று கத்தினாள். சுற்றி இருந்த கிழவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, இவளும் நம்மவள்தான் என்று தங்கள் கத்தலைத் தொடர்ந்தார்கள். பச்சைப் படகு மூன்றாவதாக வந்தது. நூறு யென் போயிற்று. ஒரு பெண் பிள்ளைக்காக இப்படி வாய்விட்டுக் கத்தி எத்தனை காலம் என்று நினைத்தாள்.

போட்டிகள் முடிந்ததும் தொப்பிக்காரி அவள் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் சிவப்புக் காகித விளக்குத் தொங்கிய ஒரு கதவு, உள்ளே ஒரு நீள மரப் பலகை, அதைச் சுற்றிப் பத்து முக்காலி. பலகைக்கு அந்தப் பக்கம் வெள்ளை ஏப்ரன் கட்டிய ஒரு கிழவி நின்றாள். அவளுக்குப் பின்னால் கொதிக்கும் சட்டியில் முள்ளங்கியும் முட்டையும் மிதந்தன. தொப்பிக்காரி உட்கார்ந்ததும் கடைக்காரி ஒன்றும் கேட்காமல் வேலையைத் தொடங்கினாள். ஒரு சதுர மரப்பெட்டிக்குள் கண்ணாடிக் கிளாஸை வைத்து, பெரிய போத்தலிலிருந்து ஊற்றினாள். கிளாஸ் நிறைந்தது. நிறுத்தவில்லை. வழிந்து பெட்டியும் நிறையும் வரை ஊற்றினாள்.

இதைப் பார்த்ததும் ரதிதேவிக்குத் தைப்பொங்கல் நினைவு வந்தது. வழிய வேண்டிய நேரத்தில் வழிந்தால்தான் அது மங்கலம். அந்தக் கைக்கு மனம் நிறைந்து கொடுக்கத் தெரிந்திருக்கிறது என்று பட்டது. கடைக்காரி அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். தேநீரும் இருக்கிறது என்று போத்தலைக் காட்டினாள். ரதிதேவி மரப்பெட்டியைக் காட்டினாள்.

குடித்தாள். கசந்தது, பிறகு இனித்தது, பிறகு காது சூடாயிற்று. யாரும் அவளை ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை. வேலை முடிந்து வந்த ஆண்களும், காய்கறிப் பையோடு வந்த ஒரு பெண்ணும், இவர்கள் இருவரும் ஒரே பலகையில், ஒரே விளக்கின் கீழ், ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரிய உட்கார்ந்திருந்தார்கள்.

பலகையின் கோடியில் நீலச் சட்டை போட்ட ஒருவர் இருந்தார். அவர் இன்னொரு கிளாஸ் கேட்டார். கடைக்காரி அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள். போத்தலை எடுக்கவில்லை. அவர் முன்னால் இருந்த கிளாஸை எடுத்துக் கழுவப் போட்டுவிட்டு, ஒரு கோப்பை சுடு தேநீர் வைத்தாள். அவர் ஏதோ கெஞ்சினார். அவள் ஒரே ஒரு சொல் சொன்னாள். மனிதர் தேநீரைக் குடித்து, எழுந்து, அவளுக்குத் தலை குனிந்து வணங்கிவிட்டு வீட்டுக்குப் போனார். அவருக்கு ஈரல் சரியில்லை, மனைவி வந்து சொல்லியிருக்கிறாள் என்று தொப்பிக்காரியின் கைபேசி சொன்னது.

ரதிதேவிக்கு அங்கேயே அழுகை வந்தது. குணசீலனும் ஈரல் கெட்டுத்தான் போனான். டாக்டர் ஒரு சொட்டும் கூடாது என்று சொன்ன அன்று, ரதிதேவி அவனுடைய நண்பர்கள் எல்லோருக்கும் போன் எடுத்தாள். எல்லோரும் கோயில்காரர்கள். "அவருக்கு இனி ஊத்தாதேங்கோ" என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினாள். ஓம் அக்கா, ஓம் தங்கச்சி என்றார்கள். அடுத்த சனிக்கிழமை ஒரு பிறந்தநாள் கொண்டாட்டம். மண்டபத்துக்குள் பெண்கள் கேக் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்க, வெளியே கார் தரிப்பிடத்தில், ஒரு காரின் திறந்த டிக்கிக்குப் பின்னால், வழக்கம்போல போத்தலைச் சுற்றி ஆண்கள் கூட்டம். ஆக்லாந்தில் எந்தத் தமிழ்க் கொண்டாட்டத்துக்கும் போய்ப் பாருங்கள், அந்த டிக்கி திறந்திருக்கும். உள்ளே இருக்கிற பெண்கள் எல்லோருக்கும் தெரியும், ஒருவருக்கும் தெரியாது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்ற கணக்கு. அன்றைக்கும் குணசீலன் தள்ளாடிக்கொண்டுதான் வந்தான். ரதிதேவிதான் கார் ஓட்டினாள். அடுத்த வருடம் அவன் இல்லை. சாவு வீட்டுக்கு எல்லோரும் வந்தார்கள், தேவாரம் படித்தார்கள்.

கடல் கடந்து, மொழி தெரியாத ஊரில், ஒரு பார்க்காரிக்கு இருக்கிற அறம் கோயில்காரர்களுக்கு இல்லையே என்று அவளுக்கு நெஞ்சு கொதித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைக்காரி அவளுடைய மரப்பெட்டியைக் கழுவித் துடைத்து, அதில் ஒரு பிடி பச்சரிசியைப் போட்டு நிரவிக் காட்டினாள். முந்தைய காலத்தில் அரிசி அளக்கிற பெட்டி இது என்று தொப்பிக்காரி விளக்கினாள். கடைக்காரி அரிசியைக் கொட்டிவிட்டு, பெட்டியைத் துணியில் சுற்றி ரதிதேவியின் கையில் வைத்தாள். ரதிதேவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அட, சுண்டு! ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் அரிசி அளக்க ஒரு தகரச் சுண்டு இருக்கும், இது மரச் சுண்டு. அளவும் கிட்டத்தட்ட அதேதான்.

ஹோட்டலில் கல்யாணி எழுந்து உட்கார்ந்திருந்தாள். நடந்ததைக் கேட்டவளுக்கு முழங்கால் வலி பறந்துபோயிற்று. "பாருக்கா? நீயா? அலாமாக்! என்னைய விட்டுட்டா போன? ஆமா, கோயிலு எங்கடி?" என்று கேட்டாள். கோயிலைப் பார்க்காமலே திரும்பியது அப்போதுதான் ரதிதேவிக்கு உறைத்தது.

இனி அவள் செய்த பிழை. ஆக்லாந்து திரும்பிய முதல் வெள்ளி, மடைப்பள்ளியில் அரிசி அளக்கிற பிளாஸ்டிக் கோப்பை வெடித்திருந்தது. வீட்டில் இவ்வளவு அழகான சுண்டு சும்மா கிடக்கிறதே என்று அடுத்த வெள்ளி கொண்டுபோனாள். சும்மா கொண்டுபோகவில்லை, ஓர் இரவு மஞ்சள் தண்ணீரில் ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்துக் கொண்டுபோனாள். யாழ்ப்பாணத்துக்காரிக்கு அரிசி அளப்பது எதுவானாலும் சுண்டுதான். அதற்கு ஒரு பூர்வீகம் உண்டு, அது பாரின் பலகையில் இருந்து கோயிலுக்கு வருகிறது என்ற நினைப்பே அவளுக்கு எழவில்லை. முருகனும் ஒன்றும் சொல்லாமல் சில மாதம் அந்தச் சுண்டில் அளந்த பொங்கலைச் சாப்பிட்டார்.

ஒரு வெள்ளி அபர்ணா தண்ணீர் எடுக்க மடைப்பள்ளிக்குள் வந்தாள். கேதீஸ்வரனின் மகள். கேதீஸ்வரன் நிர்வாக சபையில் இளையவன், நாற்பது வயதுக்காரன். பிள்ளை பள்ளிக்கூடத்தில் ஜப்பான் மொழி படிக்கிறாள். பெட்டியின் பக்கத்தில் சூடு போட்டு எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தாள். "ஆன்ட்டி, திஸ் இஸ் எ பார்ஸ் நேம்," என்றாள் ஆச்சரியமாக. "ஆர் யூ ஷுவர் இட்ஸ் ஃபோர் ரைஸ்?"

"ஓம் பிள்ளை, பாரில தந்ததுதான்," என்றாள் ரதிதேவி, அடுப்பைக் கிளறியபடி. "நான் அங்கை ஒரு கிளாஸ் குடிச்சனான். அந்த மனிசி நல்ல மனிசி."

அபர்ணா சிரித்துக்கொண்டே வெளியே போய் அம்மாவிடம் சொன்னாள். பிள்ளை மேல் பிழையில்லை. பூசை முடிவதற்குள் கோயில் முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் சபைத் தலைவர் இரத்தினசிங்கம் போன் எடுத்து, மடைப்பள்ளியை மந்திரம் ஓதிச் சுத்தம் செய்ய வேண்டும், திறப்பைக் கொடுத்துவிடுங்கள் என்றார். குரலில் அப்படி ஒரு வருத்தம். அவரே தன் காரில் வந்து வாங்கிக்கொண்டு போனார். அந்தக் காரின் டிக்கியை ரதிதேவிக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த வெள்ளி அவள் வேலை முடித்து வீட்டுக்கு வந்து, பழக்கத்தில் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். போக இடம் இல்லை. பட்டினி கிடந்தாள். படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயில் என்று சுவரைப் பார்த்துத் திட்டினாள். அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு சபை எல்லோரையும் கூப்பிட்டுக் கூட்டம் வைத்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் கம்பளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். திறப்பு ஒரு மேசையில் இருந்தது. இரத்தினசிங்கம் பட்டு வேட்டியோடு எழுந்து நின்றார்.

"ரதி அக்கா, நாங்கள் பெரிசா ஒண்டும் கேக்கேல்லை. முருகனுக்கு முன்னால நிண்டு, பிழை செய்துபோட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு சபைக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கோ. அவ்வளவுதான். திறப்பைத் தாறம்."

ரதிதேவி எழுந்தாள். வரும்போது, ஒரு வார்த்தைதானே, சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடலாம் என்றுதான் வந்தாள். அந்தப் பட்டு வேட்டியைப் பார்த்ததும் முடியவில்லை.

"எதுக்கு மன்னிப்பு? குடிச்சதுக்கோ, பெட்டி கொண்டந்ததுக்கோ?"

"ரெண்டும் ஒண்டுதானே அக்கா."

"ஒண்டில்லை. பெட்டி கொண்டந்தது பிழைதான். யோசிக்காமல் செய்துபோட்டன். குடிச்சதைப் பற்றி நீங்கள் ஆர் என்னைக் கேக்கிறதுக்கு? மடைப்பள்ளி அலுமாரியில பாயாசத்துக்கு வாங்கி வைக்கிற பேப்பர் கப், ஒவ்வொரு விசேஷத்துக்கும் கட்டுக்கட்டாக் காணாமல் போகுது. எங்கை போகுது எண்டு எனக்குத் தெரியாதோ? பாரில இருந்து கோயிலுக்கு ஒரு பெட்டி வந்தது. கழுவி, மஞ்சள் தண்ணியில ஊறி வந்தது. கோயில்ல இருந்து உங்கடை டிக்கிக்கு எத்தினை கட்டுக் கப் போயிருக்கு? அதுக்கு ஆர் மந்திரம் ஓதினது?"

பெண்கள் பக்கம் யாரோ சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். இரத்தினசிங்கத்தின் முகம் கறுத்தது.

"அது வெளியில, ஆம்பிளையள் சும்மா விளையாட்டுக்கும் பகிடிக்கும் செய்யிறது. அதை இதோட போட்டுக் குழப்பாதேங்கோ."

"பகிடியோ?" ரதிதேவியின் குரல் உடைந்தது. "டொக்டர் சொல்லிப்போட்டார், அவருக்கு ஊத்தாதேங்கோ எண்டு நான் உங்கள் எல்லாருக்கும் போன் எடுத்தனான். ஒவ்வொருத்தரா. ஓம் ஓம் எண்டு சொல்லிப்போட்டு ஊத்தினியள். ஜப்பானில பார் வச்சிருக்கிற ஒரு கிழவி, மனிசி வந்து சொன்னவ எண்டதுக்காக ஒருத்தருக்கு ஊத்தாமல் தேத்தண்ணி வச்சவ. அவ ஊத்தி விக்கிறவ, அதில சாப்பிடுறவ. அவ செய்தா. நீங்கள் திருநீறு பூசிக்கொண்டு நிண்டு என்ரை மனிசனுக்கு ஊத்தினியள். அந்தாள் போய் நாலு வருசம். ஒருதர் என்னட்டை வந்து மன்னிப்புக் கேட்டியளோ? நீங்கள் கேளுங்கோ. பிறகு நான் கேக்கிறன்."

"செத்த மனிசனைப் பற்றி இஞ்சை ஏன்..." என்று இரத்தினசிங்கம் தொடங்கினார்.

"நான் ஊத்தினனான்."

ஆண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்தது. கேதீஸ்வரன் எழுந்து நின்றான். எதிர்ப்பக்கத்தில் மகள் அபர்ணா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா எனக்கும் போன் எடுத்தவ. அந்தச் சனிக்கிழமை, அண்ணைக்கு வேண்டாம் எண்டு சொல்லத்தான் கிட்டப் போனனான். எல்லாரும் சிரிப்பினம் எண்டு சொல்லேல்லை. அவர் கப்பை நீட்டினார். நான் ஊத்தினன். அக்கா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

ரதிதேவி சண்டைக்குத்தான் ஆயத்தமாக நின்றிருந்தாள். மன்னிப்பு வரும் என்று நினைக்கவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் தானாக வழிந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. பிறகு, சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே என்று முருகன் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள்.

"முருகா, பாரில தந்த பெட்டியை யோசிக்காமல் உன்ரை மடைப்பள்ளிக்குள்ள கொண்டந்தது பிழை. மன்னிச்சுக்கொள்."

கேதீஸ்வரனின் மனைவி சோபனா எழுந்தாள். யாரையும் கேட்கவில்லை. மேசையில் கிடந்த திறப்பை எடுத்து வந்து ரதிதேவியின் கையில் வைத்துவிட்டு, அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

இரத்தினசிங்கம் பெருமூச்சு விட்டார். நல்லபடியாக முடிந்தது என்று அவருக்கு. ஆனால் ரதிதேவி உட்காரவில்லை. திறப்பை இறுக்கிப் பிடித்தபடி ஆண்கள் பக்கம் திரும்பினாள். அழுத முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

"நான் கேட்டிட்டன். கேதீசும் கேட்டிட்டான். மிச்ச ஆக்கள்?"

ஒருவரும் நிமிரவில்லை. கம்பளத்தில் நூல் பிரிந்திருக்கிறதா என்று சோதிப்பவர்கள்போல் குனிந்திருந்தார்கள். தகரக் கூரையில் மழை விழத் தொடங்கியது. இரத்தினசிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வழக்கமாகக் கூட்டத்தை முடிக்கிற மாதிரி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பி உரத்த குரலில் அழைத்தார்.

"கந்தனுக்கு..."

அரோகரா என்று கட்டிடம் அதிர வேண்டும். ஒரு வாயும் திறக்கவில்லை. அவர் பெண்கள் பக்கம் பார்த்தார். தன் மனைவியைப் பார்த்தார், அவளும் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"வேலனுக்கு..." என்றார் மறுபடியும், இந்தமுறை மெதுவாக.

மழை மட்டும்தான் கேட்டது. தூக்கிய கைகளை எப்போது இறக்குவது என்று தெரியாமல் அவர் நின்றார். ரதிதேவி அவரைப் பார்த்தபடியே காத்திருந்தாள்.